இன்செக்யூரிட்டி யாருக்கு?

இப்பல்லாம் நம்ம வீடுகளில் ரொம்பப் புழங்குகிற வார்த்தை இன்செக்யூரிட்டி. டீமில் ஒருத்தன் நல்லா வேலை செய்தால் முகம் சுளிக்கிற மேனேஜருக்கு இன்செக்யூரிட்டி. தம்பிப்பாப்பா வந்ததும் முரண்டு பிடிக்கிற மூணு வயசுக்கும் அதே. எல்லா வியாதிக்கும் ஒரே மாத்திரை!

அகராதியில் பாதுகாப்பின்மை என்று போட்டிருக்கும். ஆனா "அவளுக்குப் பாதுகாப்பின்மை" என்று யாராவது சொல்லிப் பாருங்கள். என்ன ஆபத்து, யாரால என்றுதான் கேட்போம். "அவளுக்கு இன்செக்யூரிட்டி" என்றால் மட்டும் அவள் மனசில்தான் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

லத்தீன் மூலத்தைப் பார்த்தால் 'செ' என்றால் இல்லாமல், 'கூரா' என்றால் கவலை. செக்யூர் என்றால் கவலையில்லாத என்றுதான் அர்த்தம். கவலைக்குக் காரணம் உள்ளேயா வெளியேயா என்று வார்த்தை சொல்லவே இல்லை. நம்ம பழைய சொல் ஏமம். காவல், இன்பம் இரண்டுமே அதற்குப் பொருள். குறள் 738 நாட்டுக்கு அணியான ஐந்தில் ஒன்றாக அதைச் சொல்கிறது. கவனியுங்க, நாட்டுக்கு!

சரி, நம்ம கதைக்கு வருவோம். டெல்லியிலோ பெங்களூரிலோ இருக்கோம். வீட்டு ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம்தான். 1908 பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், அதைத் தவிர்க்கத்தான் இந்த 11. ஆபீஸ் கொடுக்கிற மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். ஊரில் இருந்த வேலையை விட்டுவிட்டு நம்ம கூட வந்த மனைவி பெயர் ஒப்பந்தத்திலும் இல்லை, சம்பளக் கணக்கிலும் இல்லை. அவங்க ஒரு நாள், "உங்களுக்கு வேலை போயிட்டா என்ன பண்றது?" என்று கேட்டால் நாம் சொல்கிற பதில், "உனக்கு ரொம்ப இன்செக்யூரிட்டி."

அது எப்படிங்க பதிலாகும்? கேள்விக்கு உண்மையான பதில் கணக்கில் இருக்கிறது. எத்தனை மாத வாடகை கையில் இருக்கு, தனியா ஒரு காப்பீடு எடுத்திருக்கோமா, கணக்கில் அவங்க பெயரும் இருக்கா, பாஸ்வேர்டு அவங்களுக்குத் தெரியுமா. இதையெல்லாம் உட்கார்ந்து பேச அரை மணி நேரம் போதும். அந்த அரை மணியைத் தப்பிக்கத்தான் இந்த வார்த்தை நமக்குக் கைகொடுக்கிறது என்பது என் சந்தேகம்.

மேனேஜர் கேஸுக்கு வேணா இன்செக்யூரிட்டியே இருந்துட்டுப் போகட்டும். தமிழில் அதுக்குப் பொறாமை என்று பெயர். அப்ரைசல் முடிகிற வரைக்கும் ஆங்கிலமே சௌகரியம் :-)