சமாதானம் எதுவரை?

பறக்கும் விமானத்தில் இரண்டு பயணிகள் வாய்ச்சண்டையில் இறங்கினால் கேபின் பணியாளர்களான நம்மில் யாரும் கையேட்டைத் தேடிப் போவதில்லை. கை தானாக வேலை செய்கிறது. ஒருவரிடம் குனிந்து பேசுகிறோம், இன்னொருவருக்குத் தண்ணீர் கொடுக்கிறோம், பின்வரிசையில் இடம் காலியாக இருந்தால் ஒருவரை அங்கே அழைத்துப் போகிறோம். கால் மணி நேரத்தில் கேபின் அடங்கிவிடுகிறது. இறங்கும்போது அந்த இருவருமே நமக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவதும் உண்டு. இப்படி அடங்கிப்போன சண்டைகள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆனாலும் அவற்றின் அருமை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் திறமையே சில நேரம் நம்மைத் தவறான இடத்துக்கு இழுத்துப் போகிறது. இந்த இதழில் அதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டெல்லிக்கு வந்த ஏர் இந்தியா விமானத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். குடித்திருந்த ஆண் பயணி ஒருவர், பிசினஸ் வகுப்பில் அமர்ந்திருந்த எழுபது வயது கடந்த பெண்மணி ஒருவர் மீது சிறுநீர் கழித்தார் என்பது புகார். அவர் அதை மறுத்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் பார்க்க வேண்டியது அதன் பிறகு கேபினில் நடந்ததை. அந்த ஆளின் முகத்தைப் பார்க்கவே விரும்பவில்லை என்று தாம் சொல்லியும், பணிக்குழுவினர் அவரை அழைத்துவந்து தம் எதிரில் உட்கார வைத்ததாக அந்தப் பெண்மணி நிறுவனத்துக்கு எழுதினார். அந்த ஆள் அழுதார், மன்னிப்புக் கேட்டார், குடும்பம் இருக்கிறது, புகார் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சினார். விமானம் இறங்கியதும் எழுந்து போய்விட்டார். இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டதாக நிறுவனம் எடுத்துக்கொண்டது.

காவல்துறையில் முதல் தகவல் அறிக்கை பதிவானது 2023 ஜனவரி 4ஆம் தேதி. ஐந்து வாரத்துக்கு மேல் கடந்திருந்தது. ஒரு விமானியும் நான்கு கேபின் பணியாளர்களும் பணிப்பட்டியலிலிருந்து நீக்கிவைக்கப்பட்டார்கள். ஜனவரி 20 அன்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ., ஏர் இந்தியாவுக்கு 30 லட்சம் ரூபாயும், விமானச் சேவைப் பிரிவின் இயக்குநருக்கு 3 லட்சம் ரூபாயும் அபராதம் விதித்து, கேப்டனின் உரிமத்தை 3 மாதம் நிறுத்திவைத்தது.

இடையில் டிசம்பர் 6 அன்று பாரிஸ் – டெல்லி விமானத்திலும் இதே போக்கு. பெண் பயணி ஒருவர் கழிவறைக்குப் போயிருந்தபோது அவருடைய காலி இருக்கையிலும் போர்வையிலும் ஓர் ஆள் சிறுநீர் கழித்திருந்தார். எழுத்தில் ஒரு மன்னிப்பு வாங்கப்பட்டது. அத்தோடு சரி. டி.ஜி.சி.ஏ. தானே கேட்கும்வரை அது தெரிவிக்கப்படவில்லை. அதற்கு 10 லட்சம் அபராதம்.

இந்த இரண்டு விமானங்களிலும் பணியில் இருந்தவர்கள் சோம்பேறிகள் என்றோ இரக்கமில்லாதவர்கள் என்றோ நான் நினைக்கவில்லை. பேசித் தீர்த்துவிட முடியும் என்று நம்பியிருப்பார்கள். ‘பெரிய விஷயமாக்காதே, பேசி முடி’ என்பது நம் வீட்டிலும் தெருவிலும் கேட்டு வளர்ந்த சொல். பொதுவானவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் கேட்டு, கடைசியில் கைகொடுக்க வைப்பதை நல்ல காரியமாகவே நாம் கண்டிருக்கிறோம். முழங்கை வைக்கும் கட்டைக்காகவோ, தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்துக்காகவோ சண்டை போடும் இருவருக்கு அது பொருந்தும். இரண்டு பேருக்கும் இழப்பு சரிசமம். ஒருவர் உடல் மீது இன்னொருவர் கைவைத்த இடத்தில் இரண்டு தரப்பு என்ற பேச்சே எழாது. அங்கே நாம் நடுவர் வேலை பார்த்தால், பாதிக்கப்பட்டவரை மன்னித்தே ஆக வேண்டிய நிலைக்குத் தள்ளுகிறோம். மூடிய கேபின், முப்பதாயிரம் அடி உயரம், சுற்றிலும் அந்நியர், எதிரில் சீருடையில் நாம். அந்தச் சூழலில் ‘மாட்டேன்’ என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்?

நானும் அதைச் செய்திருக்கிறேன். வளைகுடாவிலிருந்து திருச்சிக்கு வந்த ஓர் இரவு விமானம். கேபின் பொறுப்பு என்னுடையது. நடு இருக்கையில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பும் இளம்பெண். ஜன்னலோரத்தில் இருந்தவர் தூங்குவதுபோல் அவள் மேல் கையைப் போட்டிருக்கிறார், ஒருமுறை இல்லை, மூன்று முறை. அவள் அழைப்பு மணியை அழுத்தினாள். பின்பக்கம் கூட்டிப்போய் டீ கொடுத்து, கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். அந்த ஆளைக் கடுமையாகத்தான் பேசினேன். இறங்குவதற்கு முன் அவரையே கூட்டிவந்து, “தங்கச்சி மாதிரி நெனச்சு மன்னிச்சிடும்மா” என்று சொல்ல வைத்தேன். அவள் தலையை ஆட்டினாள். எனக்கு ஒரு நல்ல காரியம் செய்த நிறைவு. கதவருகே வந்தபோது அவள் கேட்டாள்: “அக்கா, இத எழுதி வச்சீங்களா?” “அதான் பேசியாச்சேம்மா” என்றேன். ஒன்றும் சொல்லாமல் படியில் இறங்கினாள். அன்றைய ரிப்போர்ட்டில் நான் எழுதியது ஒரே வரி: பயணி கேட்டுக்கொண்டதால் இருக்கை மாற்றப்பட்டது.

இன்று அது நடந்தால் விதி மிகத் தெளிவாக இருக்கிறது. 2017 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஏர் இந்தியா அலுவலரைச் செருப்பால் அடித்த சம்பவம் நாடு முழுவதும் பேசப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டி.ஜி.சி.ஏ. ஒழுங்கீனமான பயணிகளை மூன்று நிலையாகப் பிரித்தது. வாய்ச்சொல், சைகை, குடிபோதை ரகளை முதல் நிலை. தடை 3 மாதம் வரை. தள்ளுவது, அடிப்பது, தகாத முறையில் தொடுவது இரண்டாம் நிலை. 6 மாதம் வரை. கழுத்தை நெரிப்பது, விமானத்தின் கருவிகளைச் சேதப்படுத்துவது, காக்பிட்டுக்குள் நுழைய முயல்வது மூன்றாம் நிலை. குறைந்தது 2 ஆண்டு. முடிவெடுப்பது ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு. அதற்கு 30 நாள் அவகாசம். விமானம் தரையிறங்கிய 12 மணி நேரத்துக்குள் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தகவல் போக வேண்டும். இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே ஒரு பொருளை நம்பி நிற்கிறது: கேபினில் இருந்தவர் எழுதிய அறிக்கை. நாம் எழுதாவிட்டால் அந்த நீதிபதியின் மேசையில் வைக்க எதுவும் இருக்காது.

அமெரிக்காவில் 2021இல் மட்டும் சுமார் 6,000 ஒழுங்கீனச் சம்பவங்கள் அரசின் கணக்கில் ஏறின. அவற்றில் 4,000க்கு மேல் முகக்கவசத் தகராறு. அந்த மே மாதம் சவுத்வெஸ்ட் விமானத்தில் பணிப்பெண் ஒருவரின் மூன்று பற்களை ஒரு பயணி உடைத்தார். யாரும் கைகொடுக்க வைக்கவில்லை. நீதிமன்றம் 15 மாதச் சிறை கொடுத்தது. முகக்கவசம் போனதும் எல்லாம் அடங்கிவிடும் என்று பலர் நினைத்தோம். உலக அளவில் 2021இல் 835 விமானப் பயணத்துக்கு ஒன்று என்றிருந்த சம்பவங்கள் 2022இல் 568க்கு ஒன்று என்று ஏறியதாகச் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொன்னது.

பேச்சால் தணிக்கும் கலையைக் கைவிடச் சொல்கிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். அந்தக் கலைக்கு நம் பயிற்சியில் இப்போது கிடைக்கும் நேரம் போதவே போதாது. சண்டை வார்த்தையில் தொடங்கும் முன்பே உடம்பில் தெரிகிறது. தாடை இறுகும், பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கும், அழைப்பு மணி அடிக்கடி ஒலிக்கும். உள்நாட்டு விமானத்தில் நாம் மது பரிமாறுவதில்லை. அதனால் குடித்தவர் ஏறும்போதே குடித்துவிட்டு வருகிறார். வாசலில் வணக்கம் சொல்லும் அந்த மூன்று வினாடிதான் நமக்குக் கிடைக்கும் சோதனை. சந்தேகம் வந்தால் கதவு மூடும் முன் கேப்டனிடம் சொல்லிவிட வேண்டும். தரையில் ஒருவரை இறக்கினால் இருபது நிமிடத் தாமதம்; மேலே போன பிறகு அதே ஆளுக்காக வேறு ஊரில் இறங்க நேர்ந்தால் விமானத்தில் உள்ள எல்லோருடைய இரவும் போய்விடும்.

பேசப் போகும்போது இருவராகப் போக வேண்டும். பேசுவது ஒருவர் மட்டும். மற்றவர் இரண்டு வரிசை தள்ளி நின்று கையையும் சுற்றுப்புறத்தையும் கவனிப்பார். உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேல் நின்று பேசினால் அது மிரட்டலாகப் படும். நடைவழியில் மண்டியிட்டு, கண்ணுக்கு நேராகப் பேசுங்கள். பட்டியலைப் பார்த்துப் பெயர் சொல்லி அழைப்பது பாதிக் கோபத்தைக் குறைக்கும். பார்வையாளர்களை விலக்குவது இன்னும் முக்கியம். நான்கு செல்போன்கள் படம் பிடிக்கும்போது யாராலும் இறங்கிவர முடியாது. ஒருவரையாவது திரைக்குப் பின்னால் கொண்டுபோங்கள். ‘அப்படிச் செய்யாதீர்கள்’ என்பதைவிட, இதைச் செய்யலாமா, அதைச் செய்யலாமா என்று இரண்டு வழியைக் காட்டுவது நல்லது. தேர்ந்தெடுத்தது தானே என்ற எண்ணம் அவருக்கு மிஞ்சும்.

விதி தொடர்பான இடத்தில் மட்டும் தேர்வு கிடையாது. 2022 டிசம்பர் 26 அன்று பாங்காக்கிலிருந்து கொல்கத்தாவுக்குப் புறப்படவிருந்த தாய் ஸ்மைல் விமானத்தில் ஒருவர் சாய்ந்த இருக்கையை நிமிர்த்த மறுத்தார். சக பயணிகளே அவரை அறைந்தார்கள். புறப்படும்போது இருக்கை நிமிர்ந்திருப்பது அவசரமாக வெளியேறுவதற்கான வழி. அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம், ஒருமுறை விளக்கத்தோடு, மறுமுறை கேப்டனின் பெயரால். மூன்றாம் முறைக்கு நாம் இழுத்துக்கொண்டே போகும் இடைவெளியில்தான் பின்வரிசைக்காரர் எழுந்து வருகிறார்.

கட்டிப்போடும் நிலை வந்தால், சமாதான வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகே என்பதை 2023 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. மீண்டும் நினைவூட்டியது. எழுத்து எச்சரிக்கை, கேப்டனின் ஒப்புதல், உதவிக்கு வரும் பயணிகளை நாமே தேர்ந்தெடுப்பது, இந்த வரிசையைத் தாண்டக் கூடாது. காக்பிட் கதவு மூடியே இருக்கட்டும். கேப்டன் வெளியே வந்து பேசட்டும் என்று பயணிகள் கேட்டாலும் இன்டர்போனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கட்டிய ஆளைக் குப்புறப் படுக்க வைக்காதீர்கள், அவர் மீது யாரும் உட்காரவும் விடாதீர்கள். மூச்சு முட்டி இறக்க நேரிடலாம். இறங்கும்வரை ஒருவர் கண் எடுக்காமல் பார்த்திருக்க வேண்டும், தண்ணீர் கொடுக்க வேண்டும். அந்த நிமிடத்திலிருந்து அவர் உயிர் நம் பொறுப்பு.

வெளிநாட்டு வழித்தடங்களில் பறப்பவர்களுக்கு ஒரு சொல். 1963 டோக்கியோ ஒப்பந்தத்தின்படி, விமானம் எந்த நாட்டில் பதிவானதோ அந்த நாட்டுக்கே விசாரிக்கும் அதிகாரம் முதன்மை. அதனால் இறங்கிய ஊரில் போலீசார் கைவிரித்த கதைகள் ஏராளம். இறங்கும் நாட்டுக்கும் அதிகாரம் தரும் 2014 மாண்ட்ரீல் நெறிமுறை 2020 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது, அதில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும். நீங்கள் போகும் ஊர் அதில் இருக்கிறதா என்பது பயண முன்கூட்டத்தில் சொல்லப்பட வேண்டிய தகவல்.

நிறுவனங்களிடமும் கேட்க வேண்டியது இருக்கிறது. 2022 டிசம்பர் 16 அன்று இஸ்தான்புல் – டெல்லி இண்டிகோ விமானத்தில் உணவு பற்றிய வாக்குவாதத்தில், தான் பயணியின் வேலைக்காரி இல்லை என்று ஒரு பணிப்பெண் குரல் உயர்த்திய வீடியோவை நாடே பார்த்தது. பயிற்சி வகுப்பில் அதை ‘செய்யக் கூடாதது’ என்று காட்டுகிறார்கள். அந்தப் பெண் அதற்கு முன் எத்தனை தட்டு எடுத்திருந்தார், சக பணியாளர் ஒருவரை அழ வைத்த பேச்சு எது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. நாம் பறந்த மணிக்குப் படி வாங்குகிறோம். தரையிறங்கிய பிறகு அறிக்கை எழுதும் ஒன்றரை மணி நேரத்துக்கு எதுவும் இல்லை. காவல் நிலையத்துக்குப் போனால் நிறுவனத்திலிருந்து துணைக்கு ஒருவர் வர வேண்டும், சாட்சி சொல்லப் போகும் நாள் விடுப்பில் கழியக் கூடாது. புகார் எழுதியவரிடம் ‘இதை நீங்களே முடித்திருக்கலாமே’ என்று கேட்கும் மேலாளர் இருக்கும்வரை, அடுத்த நியூயார்க் விமானத்திலும் ஒருவர் மன்னிப்புக் கேட்க வைக்கப்படுவார்.

அன்றைய திருச்சி விமானத்தில் என் சட்டைப்பையில் பேனா இருந்தது. எழுத வேண்டியதும் அதிகமில்லை: மணி, இருக்கை எண்கள், அவள் சொன்னது அவள் வார்த்தையிலேயே, நான் கண்ணால் பார்த்தது, நடைவழி இருக்கையில் விழித்திருந்த பெரியவரின் பெயர். கீழே அவள் கையெழுத்து.