சங்கம் யாருடைய சொத்து?

பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாவில் உழைத்துப் பிழைக்கிற எந்தக் குடும்பமும் கூட்டுறவுச் சங்கத்தின் வாசற்படியை மிதிக்காமல் வாழ்ந்துவிட முடியாது. வாணியாற்றுப் பாசனத்தில் கரும்பும் நெல்லும் வைப்பவனுக்கு உரமும் பயிர்க்கடனும் அங்கேதான். நிலமில்லாத கூலித் தொழிலாளியின் மனைவி காதுத் தோட்டைக் கழற்றி அடகு வைப்பதும் அங்கேதான். ரேஷன் அரிசிக்கு நாம் வரிசையில் நிற்கும் கடைகளில் மிகப் பலவற்றை நடத்துவதும் கூட்டுறவுச் சங்கங்களே. கோபாலபுரத்தில் நம் ஆலைத் தொழிலாளித் தோழர்கள் வேலை செய்யும் சர்க்கரை ஆலையும் கூட்டுறவு ஆலை. தியாகி சுப்பிரமணிய சிவாவின் பெயரைத் தாங்கி நிற்கும் ஆலை.

ஆனால் "இந்தச் சங்கம் யாருடையது?" என்று ஒரு விவசாயத் தொழிலாளியைக் கேட்டுப் பாருங்கள். "ஆளுங்கட்சிக்காரங்களுது" என்றுதான் பதில் வரும். "எங்களுடையது" என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். இந்தப் பதிலில்தான் நோய் முழுவதும் அடங்கியிருக்கிறது!

லேவாதேவிக்காரனின் பிடியிலிருந்து குடியானவனை விடுவிக்க என்று சொல்லித்தான் 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திருவள்ளூருக்குப் பக்கத்திலுள்ள திரூரில் சங்கம் தோன்றியது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் உறுப்பினருக்கு ஒரே ஓட்டு என்பதுதான் கூட்டுறவின் அடிப்படை. பணக்காரனையும் ஏழையையும் ஒரே படியில் நிறுத்தும் விதி இது. இந்த விதியைக் கண்டுதான் ஆதிக்கக் கூட்டம் அஞ்சுகிறது. விதியைத் திருத்த முடியவில்லை. ஆகவே தேர்தலையே ஒழித்துக் கட்டப் பார்க்கிறது.

நடந்ததைப் பாருங்கள். 1996-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாகக் கமிட்டிகளின் காலம் 2001-இல் முடிந்ததும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். 2013-இல்தான் மாநிலம் முழுவதும் மறுபடி கமிட்டிகள் வந்தன. 2018 தேர்தலில் வேட்புமனு வாங்க மறுக்கிறார்கள், ஆளுங்கட்சி ஆட்களைப் போட்டியின்றித் தேர்வானதாக அறிவிக்கிறார்கள் என்று பல ஊர்களிலிருந்து புகார் எழுந்தது. விவகாரம் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போய், இடைக்காலத் தடையும் விதிக்கப்பட்டது. அன்று எதிர்க்கட்சியாக இருந்து முறையிட்டவர்கள் 2021-இல் ஆட்சிக்கு வந்தார்கள். வந்து செய்ததென்ன? கமிட்டியின் ஆயுளை ஐந்து ஆண்டிலிருந்து மூன்றாகக் குறைக்க 2022 ஜனவரியில் சட்டசபையில் மசோதா நிறைவேற்றினார்கள். 2023-இல் கமிட்டிகளின் காலம் முடிந்தபோது மீண்டும் தனி அலுவலர்களே பொறுப்பேற்றார்கள். கொடி மாறியது, சாவி மட்டும் உறுப்பினர் கைக்கு வரவில்லை!

ஊராட்சிகளின் கதையும் இதேதான். நம் ஜில்லாவில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. உரிய காலத்தில் தேர்தல் நடத்தாமல் அங்கும் தனி அலுவலர்களை நியமித்தார்கள்.

கணக்குக் கேட்க ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும்? 2021 பிப்ரவரி 5-இல், தேர்தல் தேதி அறிவிப்புக்கு மூன்று வாரங்களுக்கு முன், 16.43 லட்சம் விவசாயிகளின் ரூ.12,110 கோடி பயிர்க்கடன் தள்ளுபடி என்று அன்றைய முதலமைச்சர் அறிவித்தார். கடன் தள்ளுபடி விவசாயியின் உரிமை. நாம் அதற்காகப் போராடியவர்கள். ஆனால் எந்த ஊரில் யார் பெயரில் எவ்வளவு தள்ளுபடியாயிற்று என்ற பட்டியலை உறுப்பினர்கள் முன் வைத்துப் படித்த சங்கங்கள் எத்தனை? அடுத்த ஆட்சி ஐந்து பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை அறிவித்தது. பரிசீலித்த சுமார் 48.84 லட்சம் கடன்களில் 35 லட்சத்துக்கும் மேல் தகுதியற்றவை என்று சர்க்காரே சொல்லிற்று. தகுதியில்லை என்றதெல்லாம் மோசடியல்ல. ஆனால் போலி நகைக்கும், நகையே இல்லாமலும் கடன் கொடுத்த சங்கங்கள் பிடிபட்டன. அந்தத் திருட்டு நடந்த நாட்களில் பேரவைக் கூட்டம் முறையாகக் கூடியிருந்தால், நாலு பேர் எழுந்து கேட்டிருந்தால், இவ்வளவு தூரம் போயிருக்குமா?

இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பேரவைக் கூட்ட நோட்டீஸ் வந்தால் "நமக்கெதுக்கு" என்று கூலி வேலைக்குப் போய்விடுகிறோம். கையெழுத்து மட்டும் வீடு தேடி வந்து வாங்கப்படுகிறது, கொடுத்துவிடுகிறோம். நம் தோழர்கள் பொறுப்பிலிருக்கும் தொழிற்சங்கத்திலும் விவசாயத் தொழிலாளர் சங்கத்திலும் சந்தாக் கணக்கு வருஷத்துக்கு ஒருமுறை உறுப்பினர் முன் படிக்கப்படுகிறதா? படிக்காத இடம் இருந்தால் அது நமக்குத் தலைகுனிவு. வேறு கட்சிக்காரன் என்பதால் ஓர் ஏழையின் மனுவை நம் ஆள் ஒதுக்கினால், ஆளுங்கட்சிக்காரன் செய்வதற்கும் அதற்கும் என்ன பேதம்? பாரபட்சம் எந்தக் கொடியின் கீழ் நடந்தாலும் பாரபட்சமே.

"கேட்டால் அடுத்த தடவை கடன் கிடைக்காதே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயம் நியாயமானது. தனியாகக் கேட்டால் பழிவாங்குவார்கள். சேர்ந்து கேட்டால் முடியாது. நம் பக்கத்து வாச்சாத்தி இதற்குச் சாட்சி. 1992 ஜூன் 20-இல் வனத்துறையும் போலீசும் வருவாய்த் துறையும் அந்த மலைவாழ் மக்கள் மீது பாய்ந்தன. பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் கட்சியும் துணை நிற்க, அந்த மக்கள் விடாமல் நின்றார்கள். 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை பெரிய அதிகாரத்திடம் பதில் வாங்கிய வட்டாரம் இது. ஓர் உரமூட்டைக் கணக்கைக் கேட்க நாம் தயங்குவதா?

ஆகவே தோழர்களே, முதலில் உங்கள் உறுப்பினர் சீட்டை எடுத்துப் பாருங்கள். இணை உறுப்பினர் என்றிருந்தால் உங்களுக்கு ஓட்டில்லை. முழு உறுப்பினராக மனுச் செய்யுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தணிக்கை அறிக்கையைப் பேரவையில் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மோசடி என்று தெரிந்தால், 1983-ஆம் ஆண்டு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவு விசாரணைக்கு வழி வைத்திருக்கிறது. இழப்பு உண்டாக்கியவரிடமே அதை வசூலிக்க 87-ஆவது பிரிவு இருக்கிறது. கூட்டாகக் கையெழுத்திட்டுத் துணைப் பதிவாளரிடம் மனுக் கொடுங்கள்.

சர்க்காருக்கு நாம் சொல்வது இதுதான்: எந்தக் கட்சி ஆட்சியிலிருந்தாலும் காலம் முடியுமுன் தேர்தலை நடத்து! தனி அலுவலர் என்ற பின்வாசலை மூடு! கடன், தள்ளுபடிப் பட்டியல்களைச் சங்க வாசலில் ஒட்டு!

சங்கம் உறுப்பினருடைய சொத்து. சொத்துக்காரன் தூங்கினால் சாவி அடுத்தவன் மடியில்தான் இருக்கும். விழித்தெழுவோம், கணக்குக் கேட்போம்!