ஒரே சீட்டில் இரண்டு நோய்

மயிலாப்பூர் மாட வீதிகளில் விடியற்காலையில் வேகமாக நடக்கிறவர்கள் எல்லோரும் தரிசனத்துக்கு வந்தவர்கள் அல்லர். சர்க்கரை வியாதிக்குப் பயந்து நடக்கிறவர்களும் அவர்களில் உண்டு. பயம் நியாயமானதே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து, 2023-ல் வெளிவந்த ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு நீரிழிவு இருக்கிறது.

ஆனால் சில வீடுகளில், நடக்க வராத ஒருவர் உள் அறையில் இருக்கிறார். அவருக்கு மனநோய். சில வாரங்கள் தூக்கமே இல்லாத உற்சாகம், ஓயாத பேச்சு, கணக்கில்லாத செலவு. பிறகு மாதக் கணக்கில் சோர்வு. பாயை விட்டு எழ மனம் வராது. டாக்டர்கள் இதை ‘பைபோலார்’ என்கிறார்கள். 2015-16-ல் நடந்த தேசிய மனநல ஆய்வு, 200 பேரில் ஒருவர் வாழ்நாளில் இந்த நோய்க்கு ஆளாகிறார் என்று கண்டது.

இந்த நோயாளிகளிடையே உடல் பருமனும் சர்க்கரை வியாதியும் மற்றவர்களைவிட அதிகம். அவர்களுடைய ஆயுளைக் குறைக்கும் பெரிய காரணங்களில் இருதய நோயும் ஒன்று.

காரணம் என்ன?

மருந்து ஒரு காரணம். ஓலன்சபின், வால்புரோயேட் போன்ற மாத்திரைகள் எடையைக் கூட்டும். சோர்வுக் காலத்தில் உடல் அசைவதில்லை என்பது மற்றொன்று. இவற்றுக்கு அப்பால், மனநோய்க்கும் இன்சுலினுக்கும் நேரான உறவு இருக்கலாம் என்ற சந்தேகமும் வலுத்து வருகிறது. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், இன்சுலின் சரியாக வேலை செய்யாத பைபோலார் நோயாளிகளுக்கு மெட்பார்மின் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை நோயாளிகள் தினமும் விழுங்கும் அதே மாத்திரைதான். இன்சுலின் சீரடைந்தவர்களுக்கு மனச்சோர்வும் குறைந்தது. ஆய்வு சிறியது, முடிந்த முடிவு அல்ல. ஆனால் அலட்சியம் செய்யத்தக்கதும் அல்ல.

மாத்திரையை நிறுத்தலாமா?

கூடாது. எடை கூடுகிறதே என்று வீட்டார் தாங்களாகவே மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பி வரும். உயிருக்கே ஆபத்தாகவும் முடியலாம். எடையை அதிகம் கூட்டாத வேறு மருந்து உண்டா என்று டாக்டரைக் கேட்பதே வழி.

விரதத்திலும் எச்சரிக்கை வேண்டும். 1949-ல் ஆஸ்திரேலிய டாக்டர் ஜான் கேட் இந்நோய்க்குப் பயன்படும் என்று காட்டிய லித்தியம் ஒருவகை உப்பு. தண்ணீரையும் சமையல் உப்பையும் திடீரென்று குறைத்தால், லித்தியம் இரத்தத்தில் தேங்கி விஷமாகும். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிப்பதும் ஆகாது. ஓர் இரவுத் தூக்கம் கெடுவதே இந்நோயைக் கிளப்பிவிடப் போதும்.

செய்ய வேண்டியது

மனநோய் டாக்டரின் அறையில் எடை பார்க்கும் மெஷினும் இடுப்பை அளக்கும் நாடாவும் இருக்க வேண்டும். மருந்து தொடங்கும்போதும், மூன்றாவது மாதத்திலும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் சர்க்கரையும் கொழுப்பும் பார்க்கப்பட வேண்டும். 2021-ல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அப்படி வாசலுக்கு வருகிறவர்கள் உள் அறையில் இருப்பவரையும் விசாரிக்க வேண்டும்.

மனநோயாளி என்றதும் அவருக்கும் ஓர் உடம்பு உண்டு என்பதை ஊர் மறந்துவிடுகிறது. வீட்டார் மறக்கக் கூடாது. அடுத்த முறை சீட்டு எழுதும்போது, “எடை என்ன? சர்க்கரை என்ன?” என்று டாக்டரைக் கேட்கட்டும். கேட்பதில் வெட்கம் இல்லை.