மெதுவாகப் போவது குற்றமா?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' முதல் பாகம் மாதிரி இரண்டாவது இல்லை, ரொம்ப ஸ்லோ சார் என்கிறீர்கள். இரண்டையும் ஆடி முடித்துவிட்டுத்தான் சொல்கிறேன், நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

2010-இல் வந்த முதல் பாகம் விறுவிறுப்புதான், மறுக்கவில்லை. ஆனால் ஜான் மார்ஸ்டன் கொள்ளைக் கூட்டத்தில் இருந்து செய்த பழைய பாவங்களை அதில் நாம் காதால் கேட்பதோடு சரி. 2018-இல் வந்த இரண்டாவது, கதையை 1911-இலிருந்து 1899-க்குப் பின்னோக்கி இழுத்துப்போய், அந்தக் கூட்டத்தின் பாவத்தை நம் கையாலேயே செய்ய வைக்கிறது. வட்டிக்கு விட்ட பணத்தை வசூலிக்கப் போன ஆர்தர் மார்கன், நோயாளி விவசாயி ஒருவரை அடிக்கிறான். பட்டனை அழுத்துவது நம் விரல். அவர் முகத்தில் இருமியதில்தான் ஆர்தருக்குக் காசநோய் ஒட்டுகிறது. (இன்னும் ஆடாதவர்கள் மன்னிக்க.) அது தெரியவர எத்தனையோ மணி நேரம் ஆகிறது. அதுவரை குதிரையைத் தேய்த்துவிட்டு, துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டு, அவனோடு நிதானமாக வாழ்ந்திருக்காவிட்டால் அந்தச் செய்தி நெஞ்சில் இடிக்குமா?

குறை சொல்வதானால் வேறொன்று இருக்கிறது. அவ்வளவு பெரிய உலகத்தைத் திறந்துவிட்டு, மிஷன் தொடங்கியதும் சொன்ன வழியை விட்டு நாலடி விலகினால் தோல்வி என்கிறார்கள். நோட்ஸில் உள்ளபடி எழுதினால்தான் மார்க் என்கிற வாத்தியார் புத்தி அது. அதற்குப் பத்து மார்க் தாராளமாகக் குறையுங்கள்.