ஒரே பந்தியில் உட்கார்ந்தவர்கள்

பெரியகுளத்திலும் போடியிலும் கம்பத்திலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயில் மணி அடிக்கிறது. குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள். வந்தவர் வந்த இடத்தில் உட்காருகிறார்கள்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் இருக்கிறது. இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவதற்காக ஒரு பெரிய போராட்டமே நடந்திருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் இருந்து

1834-ம் ஆண்டு அது. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்கள் நடத்தி வந்த அமெரிக்கப் பாதிரிமார் சிலர், கடல் தாண்டி மதுரைக்கு வந்தார்கள். அவர்களுக்குத் துணையாக யாழ்ப்பாணத் தமிழர்களும் வந்தார்கள். "அமெரிக்கன் மதுரை மிஷன்" பிறந்தது.

மதுரையில் தொடங்கிய வேலை திண்டுக்கல், திருமங்கலம், பசுமலை என்று பரவியது. பெரியகுளத்துக்கும் வந்தது. கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களுக்கும் சென்றது.

அந்த நாளில் காய்ச்சலும் காலராவும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. பாதிரிமார் பலர் மாண்டார்கள். குளிர்ந்த இடம் தேடி மலை ஏறினார்கள். 1845-ல் கொடைக்கானலில் இரண்டு வீடுகள் கட்டினார்கள். இன்று நாம் கோடை விடுமுறைக்குப் போகும் ஊர் அப்படித்தான் வளரத் தொடங்கியது.

பாதிரியாருக்கு மலை இருந்தது. உபதேசியாருக்கு ஏது மலை? அவர் வெயிலிலும் மழையிலும் ஊரிலேயே இருந்தார். சிறு ஊர்ச் சபையைக் காத்தவர் அவர்தான். பல இடங்களில் அவரே வாத்தியார். வார நாட்களில் பள்ளிக்கூடம் நடந்த கொட்டகையே ஞாயிற்றுக்கிழமையில் கோயில். தலைமுறை தலைமுறையாக எழுத்து வாசனை அறியாத வீட்டுப் பிள்ளைகள் அங்கே "அ, ஆ" எழுதினார்கள்.

சோதனை வந்தது

மக்கள் மதம் மாறினார்கள். சாதி மாறவில்லை! கோயிலுக்கு உள்ளேயும் அது வந்து உட்கார்ந்துகொண்டது.

1847-ல் மதுரை மிஷன் ஒரு முடிவு எடுத்தது. "சாதியை விட்டவர்தான் சபையில் இருக்கலாம். விட்டதற்கு அடையாளமாக எல்லோரோடும் ஒரே பந்தியில் சாப்பிட வேண்டும்" என்றது.

ஒரு வேளைச் சாப்பாடுதானே என்று நினைக்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்த ஒரு வாய்ச் சோறு சொந்தபந்தத்தையே அறுத்துவிடும். பெண் கொடுக்க மாட்டார்கள், எடுக்க மாட்டார்கள். உபதேசியார்கள் பலர் மறுத்தார்கள். வேலையை இழந்தார்கள். பலர் சபையை விட்டே போனார்கள். சபை சுருங்கியது. ஆனாலும் மிஷன் பின்வாங்கவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் பெரிய கவிஞர். கோயிலில் சாதி வரிசை மாறக்கூடாது என்று வாதாடியவர். அவருடைய கீர்த்தனைகளைத் திரட்டி, 1853-ல் புத்தகமாகக் கொண்டுவந்தவர் யார்? இதே மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்டு வெப் பாதிரியார்! மனிதருடைய பிழையைத் தள்ளினார்கள், பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பாட்டை இன்று எல்லோரும் ஒன்றாக நின்று பாடுகிறார்கள்.

சேர்ந்த சபைகள்

சாதிப் பிரிவு போதாது என்று சபைப் பிரிவுகளும் இருந்தன. அவையும் மெல்ல மெல்லக் கரைந்தன. 1908-ல் மதுரை மிஷன் சபைகள், வேறு சில சபைகளோடு சேர்ந்து "தென்னிந்திய ஐக்கிய சபை" ஆயின. நாடு விடுதலை பெற்ற 1947-ம் ஆண்டில், செப்டம்பர் 27-ந் தேதி, சென்னையில் இன்னும் பெரிய இணைப்பு நடந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்டு சபையாரும் சேர்ந்தார்கள். "தென்னிந்தியத் திருச்சபை" உதயமாயிற்று. மதுரை - இராமநாதபுரம் பகுதியின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின். அப்போது அவருக்கு வயது 37.

பாக்கி இருக்கும் வேலை

வேலை முடிந்துவிட்டதா? இல்லை. தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்களிடையே சாதி பார்த்துப் பெண் கொடுப்பது இன்னும் போகவில்லை. கல்லறைத் தோட்டத்தில்கூடச் சாதிக்கு ஓர் இடம் ஒதுக்கும் ஊர்கள் இருக்கின்றன. உயிரோடு பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், செத்தபின் பக்கத்தில் படுக்கக்கூடாதாம்! இது என்ன நியாயம்?

சபைகள் ஆண்டு விழா மலர் போடுகின்றன. கோபுரம் கட்டிய ஆண்டு இருக்கிறது. ஆயர்களின் படம் இருக்கிறது. நல்லதுதான். அதோடு இன்னொரு பக்கமும் சேர்க்க வேண்டும். முதன்முதலில் யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்? அதற்காக எந்த வீட்டார் சொந்தத்தை இழந்தார்கள்? பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டுங்கள். ஊரில் உள்ள வயதான பாட்டிகளைக் கேளுங்கள். எழுதி வையுங்கள்.

கோபுரத்தைக் கொத்தனார் கட்டினார். சபையைக் கட்டியவர்கள் அந்தப் பந்தியில் துணிந்து உட்கார்ந்தவர்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் அதை மறக்கலாமா?