மல்லனின் தன்வரலாறும் வாசகர் தீர்ப்பும்

மற்போர் வல்லான் ஒருவன் தன் வாழ்க்கையைத் தானே எழுதினால் அதனை இலக்கியமென்று ஏற்கலாமா என்னும் வினா நம் ஆசிரியரிடையேயும் இலக்கிய வட்டத்தாரிடையேயும் இந்நாளிற் பலகாலும் எழுகின்றது. லயத்து அறைகளிலும் தொலைக்காட்சி புகுந்துவிட்ட இக்காலத்தில், அமெரிக்க மல்லரின் பெயர்களை நம் மலையக மாணவர் கடையெழு வள்ளல்களின் பெயர்களினும் விரைவாக ஒப்புவிக்கின்றனர். அம்மல்லர் எழுதிய நூல்களும் மெல்ல மெல்ல மாணவர் கைக்கு வருகின்றன. அவற்றைக் கண்டவுடன் முகஞ்சுளிப்பார் ஒரு சாரார். தெய்வத்தின் திருவாக்கெனத் தலைமேற் கொள்வார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் நூலைச் செம்மையாகப் படித்தவரல்லர் என்பது என் துணிபு. அதற்குக் காரணம் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நூல்களைப்பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். நம் அயல்நாட்டு மல்லருட் புகழ்மிக்கவரான தாராசிங் 1989 இல் பஞ்சாபி மொழியில் 'மேரி ஆத்மகதா' என்னும் தன்வரலாற்றை வெளியிட்டார். 1968 மே 29 ஆம் நாள் பம்பாயில் அவரோடு பொருது தோற்ற அமெரிக்கர் லூ தெஸ், 1995 இல் 'ஹூக்கர்' என்னும் நூலை வெளியிட்டார். 1999 இல் மிக் ஃபோலி என்பவர் எழுதிய தன்வரலாறு, நியூயோர்க் டைம்ஸ் இதழின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கனடா நாட்டு பிரெற் ஹார்ட்டின் 'ஹிட்மேன்' 2007 இல் வெளிவந்தது. இவை அனைத்தையும் நோக்கி வாசகர் தொடுக்கும் தடைகள் நான்கு.

முதலாந் தடை, 'பொருதது பொய்யாயின் எழுதியதும் பொய்யே' என்பது. மேலைநாட்டுத் தொழின்முறை மற்போரில் வெற்றியும் தோல்வியும் முன்னரே வகுக்கப்பட்டவை. வட இந்தியர் இத்தகையதனை 'நூரா குஸ்தி' என்பர். இதனை வெளியார்க்கு உரைத்தல் கூடாது என்பது அத்தொழிலாரின் பழைய விதி. அம்மறைவுக்கு அவர் இட்ட பெயர் 'கேஃபேப்'. தட்டார்க்குரிய குழூஉக்குறியை இலக்கணத்திற் படிப்பிக்கின்ற நமக்கு இது புதுமையன்று. தெஸ்ஸின் நூற்பெயரும் அத்தகையதே. காட்சிக்காக அன்றி, மெய்யாகவே மூட்டை முறிக்கவல்ல பிடிகளைக் கற்றவனுக்கு மல்லர் வழங்கிய பெயர் அது. தாராசிங் தம் நூலை வெளியிட்ட அதே 1989 இல், அமெரிக்க மற்போர் நிறுவனத்தார் நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையாரிடம் தம் தொழில் போட்டியன்று, பொழுதுபோக்கே என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். விளையாட்டுக்குரிய கட்டுப்பாடுகளினின்றும் வரியினின்றும் விடுபடுவதே அவர் கருத்து. மறை வெளிப்பட்ட பின்னரே மல்லர் எழுத்தும் பெருகியது.

முடிவு முன்னரே தெரிந்ததனால் ஒரு நிகழ்ச்சி பொய்யாகிவிடுமா? மாசி மாதத்தில் நம் தோட்டங்களிற் காமன் கூத்து நிகழ்கின்றது. காமன் எரிவான் என்பதும் பின் எழுவான் என்பதும் சிறுபிள்ளையும் அறிந்த செய்தி. எனினும் இரதி புலம்பும்போது கண்கலங்காத தாய்மார் உளரோ? பிரெஞ்சு அறிஞர் ரோலாண் பார்த், 1957 இல் வெளியிட்ட தம் கட்டுரைத் தொகுதியின் முதற்கட்டுரையில் மற்போரை விளையாட்டாகக் கொள்ளாது கூத்தாகவே கொண்டு ஆராய்ந்தார். துன்பத்தையும் தோல்வியையும் நீதியையும் கண்ணுக்குப் புலனாகக் காட்டும் கூத்து அது என்பது அவர் முடிபு.

கூத்து வகுக்கப்பட்டது, உடல் வகுக்கப்பட்டதன்று. 1994 இல் மியூனிக் நகரில் நிகழ்ந்த போட்டியொன்றில் கயிற்றிடைச் சிக்கிய ஃபோலி தம் வலச்செவியின் பெரும்பகுதியை இழந்தார். 1998 ஜூனில் பிற்ஸ்பர்க் நகரில் பதினாறு அடி உயரக் கூட்டின் உச்சியினின்றும் கீழே எறியப்பட்டார். வெற்றி எவருக்கென்பதை முன்னரே எழுதிவைத்தவர் எவராயினும், அறுந்த செவியை ஒட்டவைக்க அவரால் இயலாது. பிரெற் ஹார்ட்டின் கதை இன்னும் வியப்புக்குரியது. 1997 நவம்பரில் மொன்றியல் நகரில், அவர் இசைந்த முடிவினை அவரறியாமலே மாற்றி, அவரைத் தோற்றவராக அறிவித்தனர். பொய்ப்போர் எனப்படும் அதனுள்ளும் வாக்குத் தவறாமை என்னும் மெய்யொன்று இருந்தது. அது முறிந்தபோது ஒருவன் உள்ளம் மெய்யாகவே முறிந்தது. ஆதலின் நாம் வினவவேண்டியது, 'அடி மெய்யா?' என்பதன்று. 'அடிபட்டவன் அதன் விலையை மறைக்காது உரைத்தானா?' என்பதே.

இரண்டாந் தடை தற்புகழ்ச்சி. 'பக்கந்தோறும் தன் தோள்வலியையே பேசுகின்றான்' என்பது பலர் முறைப்பாடு. தன்னைத் தான் புகழ்தல் தகுதியன்று என்பது நம் மரபே. ஆயினும் அம்மரபை வகுத்த நன்னூலார் தாமே விலக்கும் வகுத்துள்ளார். அரசவைக்கு ஓலை வரையும்போதும், தன் ஆற்றலை அறியார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும்போதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் தற்புகழ்ச்சி தகும் என்றார். மல்லன் எழுதும் நூலோ, தன் ஆற்றலை அறியார் நடுவே, பழித்தார்க்கு விடையாக எழுதுவது. பவணந்தியார் அனுமதித்ததை நாம் மறுத்தல் முறையாமோ? தாராசிங் ஏறத்தாழ 500 போட்டிகளிலும் தோல்வியே காணாதவர் என்று அன்பர் போற்றுவர். அந்த எண்ணை வாசகன் எச்சரிக்கையுடன் ஏற்பானாக. எண்ணை ஐயுறுதல் வேறு. மனிதனை இகழ்தல் வேறு.

இகழ்ச்சி வெளியாரிடமிருந்து மட்டும் வருவதன்று. றிக் பிளேர் என்னும் மூத்த மல்லர் 2004 இல் வெளியிட்ட தம் தன்வரலாற்றில் ஃபோலியை, மற்போர் வல்லாரல்லர், உயரத்தினின்றும் விழுந்து காட்டும் வித்தைக்காரரே என்னும் பொருள்பட இகழ்ந்தார். ஒரு மல்லனின் நூலுக்கு இன்னொரு மல்லன் நூலாலேயே மறுப்புரைத்தான். புலவர்கள் உரைக்கு மறுப்புரை எழுதிய நம் வரலாற்றை அறிந்தவர் இதனைக் கண்டு நகைக்கமாட்டார்.

மூன்றாந் தடை, 'இவன் எழுதியதன்று. பிறர் எழுதிக்கொடுத்தது' என்பது. இத்தடையில் ஓரளவு நியாயம் உண்டு. புகழ்பெற்றார் பலருடைய தன்வரலாறுகள் கூலியெழுத்தாளர் கைவண்ணமே. ஆயினும் ஃபோலி அவ்வாறு அமர்த்தப்பட்டவரை விலக்கித் தம் நூல் முழுவதையும் கைப்பட எழுதினார். ஹார்ட், ஊரூராகப் பயணஞ்செய்த ஆண்டுகளில் தம் குரலையே ஒலிநாடாவிற் பதிந்துவைத்து, அதனை ஆதாரமாகக் கொண்டார். எழுத்தாளன் அல்லாதான் எழுதக் கற்ற வரலாறும் அந்நூல்களுள் மறைந்து கிடக்கின்றது. வாசகர் ஐயுறவேண்டிய இடம் வேறொன்று. போட்டியை நடத்திய நிறுவனமே மல்லர் நூல் பலவற்றின் வெளியீட்டிலும் பங்குகொண்டது. ஃபோலியின் முதல் நூலும் அவ்வாறு வந்ததே. மேடையை அமைத்தவனே ஏட்டையும் அமைத்தால், சொல்லப்பட்டதனோடு சொல்லாது விடப்பட்டதனையும் நோக்குதல் வேண்டும்.

நான்காந் தடையே யாவற்றினும் கொடியது. 'மல்லனுக்கு என்ன இலக்கியம்?' என்பது அது. சங்க நூல் கற்றார் வாயில் இது வருவது வியப்பே. போரவைக் கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்திய செய்தியைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80 ஆம் பாட்டிற் பாடினார். முழங்கால் ஒன்று மார்பில் ஊன்றியிருந்ததையும் பற்றிய பிடியையும் கண்ணெதிர்க் காட்டி, தந்தையாகிய தித்தன் இதனைக் காணவேண்டும் என்று விழைந்தார். வென்றவனுக்குப் புலவர் கிடைத்தார். அவனை எண்ணி உருகிப் பாட நக்கண்ணையாரும் கிடைத்தார். ஆனால் ஆமூர் மல்லன் என்ன எண்ணினான்? அவன் ஊர் உண்டு, பெயர் இல்லை, சொல் ஒன்றும் இல்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் வாய்திறவாது கிடக்கின்றான். இன்று ஒரு மல்லன் தானே எழுதுகோலை எடுக்கும்போது, அந்த நெடிய மௌனமே சற்று விலகுகின்றது என்பேன்.

அகநானூற்றில் 386 ஆம் பாட்டிலும் பரணர் ஒரு மற்போரைக் குறிக்கின்றார். பாணன் என்பானோடு பொருத ஆரியப் பொருநனின் தோள்கள் முறிந்து கிடந்த நிலைகண்டு கணையன் நாணினானாம். பொருதவன் ஒருவன், நாணியவன் வேறொருவன். பிறன் உடல் முறிவதைக் கண்டவன் உள்ளத்தில் ஒரு கூச்சம் எழவேண்டும். மல்லர் நூலைப் படிப்பவருக்கும் அஃது எழுமாயின், அவர் நன்றாகப் படித்தவராவர்.

இனி, போற்றுவாரை நோக்கி ஒரு சொல். 1987 இல் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரில் அனுமனாகத் தோன்றிய தாராசிங்கை மக்கள் அனுமனாகவே வணங்கினர். 2003 இல் இந்திய மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டு, 2012 ஜூலை 12 இல் மறைந்தார். அன்பர் நினைவில் நிற்பவை இவையே. 1928 இல் பஞ்சாபின் சிற்றூரொன்றிற் பிறந்த அவர் 1947 இல் பிழைப்பைத் தேடிச் சிங்கப்பூர் சென்று, பீப்பாய் செய்யும் ஆலையொன்றிற் கூலிவேலை செய்தார். அவ்வேலைக்கிடையே மற்போர் பயின்றார். கடல் கடந்து சென்ற கூலியாள் ஒருவன் தன் உடலையே முதலாகக் கொண்டு வாழ்ந்த கதை அது. அனுமனை மட்டும் கண்டு ஆலைத்தொழிலாளியைக் காணாது விடுதல் பாதி நூலைப் படியாது விடுதலாகும்.

இப்பகுதி நம்மோடு நேரே பேசுகின்றது. கடல் கடந்து வந்து, உடலையே முதலாகக் கொண்டு வாழ்ந்தவர் வழியில் வந்தோரல்லமோ நாம்? விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று, கூடைக்கயிறு நெற்றியை அழுத்த, அட்டைக்கடியோடு கொழுந்து கொய்தவர் கதையை யார் எழுதினார்? உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' உண்டு, திரு. வி. க.வின் 'வாழ்க்கைக் குறிப்புகள்' உண்டு. நாமக்கல் கவிஞரின் 'என் கதை' உண்டு. இவை கற்றார் எழுதிய தன்வரலாறுகள். அவற்றின் பெருமைக்குக் குறைவில்லை. 1947 இல் தலவாக்கலைத் தொகுதியிற் பாராளுமன்றம் புகுந்த சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளரின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தும் நாடற்றவர் கதையை எழுதியும் நமக்கு வழிகாட்டினார். அவ்வழியிற் சென்றார் மிகச் சிலரே. 2023 இல், மலையக மக்கள் வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பலர் கால்நடையாகச் சென்றனர். முன்னோர் நடந்த வழியைக் கால்கள் நினைவுகூர்ந்தன; ஏடுகள் இன்னும் நினைவுகூரவில்லை.

ஈண்டுதான் மேற்கூறிய நான்கு தடைகளின் தீங்கு விளங்கும். மல்லன் நூலை நோக்கி இன்று நாம் கூறும் சொற்களே நாளை நம் பாட்டிமார் கதையை நோக்கியும் வரும். 'மிகைப்படுத்துகின்றாள்' என்பர், 'யாரோ எழுதிக்கொடுத்தது' என்பர், 'கொழுந்து கொய்பவளுக்கு என்ன இலக்கியம்?' என்றும் கேட்பர். உழைத்த உடலின் சாட்சியத்தை எள்ளி ஒதுக்கப் பழகிய வாசகன், தன் வீட்டுச் சாட்சியத்தையும் ஒதுக்கியே தீர்வான்.

ஆகவே ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். மாணவன் கையில் மல்லன் நூலைக் கண்டால் பறிக்கவேண்டா. எந்த இடத்தில் இவன் வலியை உரைக்கின்றான், எந்த இடத்தில் பெருமை பேசுகின்றான், எந்த இடத்தில் வாய்வாளாமை கொள்கின்றான் என்று அவனையே வினவுங்கள். பின்னர் அதே மூன்று வினாக்களோடு அவனைத் தன் பாட்டியிடம் அனுப்புங்கள். எந்தத் தோட்டத்திற் பிறந்தாள், எத்தனை வயதிற் கூடை சுமந்தாள், உடலில் எங்கே தழும்பு உண்டு, அஃது எவ்வாறு வந்தது என்று கேட்டு, அவள் சொன்ன சொல்லிலேயே எழுதிவரச் செய்யுங்கள். அவள் மொழியைத் திருத்தவேண்டா. பண்டிதனாகிய நானே இதனைக் கூறுகின்றேன். இலக்கிய வட்டத்தார் அவ்வேடுகளைப் பெற்று, ஆண்டுக்கொரு தொகுதியாயினும் அச்சிடுவாராக.

பாடசாலைத் தவணை தொடங்கும்போதே இப்பணியும் தொடங்கலாம். சொல்லவல்ல முதியோர் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றனர்.