உக்கிராணக்காரர்களே, கணக்கு எங்கே?

லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்திலே ஓர் உக்கிராணக்காரன் வருகிறான். ஆண்டையின் சொத்தைப் பாழாக்கினான் என்று புகார். கணக்கை ஒப்புவிக்கச் சொல்கிறான் ஆண்டை. வேலை போகப்போகிறது என்றுணர்ந்தவன் கடன்பட்டோரை அழைத்து, எண்ணெய்க் கடன் நூறை ஐம்பதாகவும், கோதுமைக் கடன் நூறை எண்பதாகவும் மாற்றி எழுதச் சொல்கிறான். தன்னலம்தான், ஆயினும் எளியவன் சுமை இறங்கிற்று.

பாதிரிமார்கள் விளக்கத் தடுமாறும் கதை. தஞ்சைத் தரணியில் பிறந்தோர்க்கு விளக்கம் எதற்கு? நாம் அறிந்த உக்கிராணக்காரர்கள் நூறை ஐம்பதாக்கியவர்களா? விளைந்ததில் ஐந்தில் இரண்டு பங்காவது உழுதவனுக்குச் சேரட்டும் என்று சொல்ல, 1952-இல் ஒரு சட்டமே பிறக்க வேண்டியிருந்தது! ஐந்தில் இரண்டு! சட்டத்தின் கருணையே இவ்வளவென்றால், அதற்கு முன் மரக்கால் பிடித்த கைகளின் கருணையை என்னென்பது! 1961-இல் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் என வரம்பு கட்டியபோதும், பொதுச் சமய அறநிலையங்களுக்கு விலக்களித்தார்கள். ஆண்டவனுக்கு மட்டும் அளவில்லாப் பசி போலும்!

கதையில் ஆண்டை வாய் திறந்து கேட்டான். இங்கோ ஆண்டை கல்லாய் நிற்கிறார். ஆகவே கேட்பாரில்லை என்கிறார்கள். 1925-இல் நீதிக்கட்சி அமைச்சரவை அறநிலையச் சட்டம் கொணர்ந்தபோது, மதத்திலே கை வைக்கிறார்கள் என்று கூக்குரல் கிளம்பிற்று. 1954-இல் சீரூர் மட வழக்கில் உச்ச நீதிமன்றம், மடாதிபதியின் பதவியில் கடமையும் சொத்துரிமையும் பின்னிக் கிடக்கின்றன என்றது. உரிமையை மனப்பாடம் செய்தவர்கள் கடமையை மறந்தது ஏனோ?

இறையிலி தந்தவன் மன்னன். அதற்கு நெல் தந்தவன் உழவன். அவனே ஆண்டை, அவன் பிள்ளைகளாகிய நாம் கேட்கிறோம்.

மடங்களை மட்டுமே சொல்கிறோம் என்று எவரும் மகிழ வேண்டா. 1962-இல் பசிலிக்காவான வேளாங்கண்ணியிலும் காணிக்கை இடுவோர் மீனவரும் கூலிகளுந்தாமே! கதை சொன்னவர் பெயரால் எழுந்த ஆலயங்களில் அல்லவோ கணக்குக் கேட்கும் உரிமை முதலில் ஒலிக்க வேண்டும்?

வேதங்கள் பூட்டிய கதவை நம் வேதாரண்யத்திலே அப்பர் பாடித் திறந்தாராம். கதவு திறந்தது, கணக்கேடு? 2021-இல் அறநிலையத்துறை கோயில் நில ஆவணங்களை இணையத்தில் வெளியிட்டது. நன்று, வரவேற்கிறோம். ஆனால் பரப்பளவு தெரிந்தால் போதுமா? யார் உழுகிறார், எவ்வளவு அளக்கிறார், அளந்த நெல் எங்கே போகிறது?

தை அறுவடை முடிந்ததும் ஒவ்வோர் ஊரிலும் கோயில் மண்டபத்தில் வரவு செலவைப் படிக்கட்டும். கூட்டிப் பார்க்க ஆளில்லையென்றால், நம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்பி வைக்கிறோம்.